கப்பித்தான் மணலுக்கு அடியில் இருக்கிறான்

வாடை வந்தது, வந்ததா, வரும் என்று அஞ்சி நின்றதால் வந்ததுபோல் தோன்றியதா என்று சங்கரவடிவால் தீர்மானிக்க முடியவில்லை. கண்ணாடித் தொட்டியின் மூடியை இன்னும் ஒரு விரற்கடை நகர்த்திவிட்டுக் குனிந்தாள். ஈர மணலின் வெக்கை முகத்தில் ஏறியது. அதில் சாம்பிராணி இருந்தது, காலையில் அவளே போட்டது. அதற்குக் கீழே தேங்காய் நார்த்தூளின் புளித்த மணம் இருந்தது. அதற்கும் கீழே, பெயர் சொல்லத் தெரியாத ஒன்று இருந்தது. மூடியை இழுத்து மூடினாள். அடுக்களைக்குப் போய், அடுப்பில் ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அமுதினி இன்று சாயங்காலம் வந்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் மைசூருக்குச் சுற்றுலா அழைத்துப் போயிருக்கிறார்கள். வழியில் சாப்பிட நிறுத்தியிருப்பதாக மத்தியானம் செய்தி வந்தது. இப்போது மதுரையைத் தாண்டியிருக்கும். ஒவ்வொரு முறை இவள் தொட்டியண்டை வந்து நிற்கும்போதும் அந்தப் பேருந்து பாளையங்கோட்டையை நோக்கிச் சற்று நெருங்கிவிடுகிறது. வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் கப்பித்தான் எங்கே என்று கேட்பாள். கப்பித்தான் மணலுக்கு அடியில் இருக்கிறான். அவள் புறப்பட்ட மறுநாளே இறங்கிவிட்டான். அதில் பயப்பட ஒன்றுமில்லை. அப்படி நடக்கலாம் என்று அவளே சொல்லிவிட்டுத்தான் போனாள். "தோல் மாத்துறதுக்கு உள்ள போவான் சித்தி. போனா தோண்டவே கூடாது. தோண்டினா செத்துருவான். ஒருவேளை உள்ளயே செத்துட்டான்னா அழுகின மீன் மாதிரி நாறும். அப்ப உடனே எடுத்துரணும், இல்லேன்னா மணல் கெட்டுப்போயி புள்ளியும் செத்துரும்." எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்! நாறினால் தோண்டு, நாறாவிட்டால் தோண்டாதே. இதைவிடத் தெளிவாக ஒருவர் இன்னொருவருக்கு எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் அழுகின மீன் எப்படி நாறும்? முட்டைகூட நுழையாத வீட்டில் பிறந்து, அப்படிப்பட்ட தெருவில் வளர்ந்து, மீன் கடை இருக்கும் சாலையைச் சுற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போன சங்கரவடிவுக்கு நல்ல மீன் எப்படி மணக்கும் என்பதே தெரியாது. இதை அந்தப் பிள்ளையிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையை ஆட்டினாள்.

தலையை ஆட்டியதற்குக் காரணம் இருந்தது. மனைவியை இழந்த பிரமநாயகத்துக்கு இரண்டாந்தாரமாக இந்த வீட்டுக்குள் காலடி வைத்தது முதல், அவர் மகள் இவளிடம் எதையும் கேட்டதில்லை. சோறு போட்டால் தின்பாள். தலை பின்னிவிட வா என்றால் வருவாள். பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சலில் கிடந்தபோதுகூடத் தண்ணீர் வேண்டும் என்று கேட்காமல், தானே எழுந்துபோய்க் குடித்தாள். மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. குறை கிடையாது என்பதுதான் குறை. அப்படிப்பட்டவள் ஊருக்குப் போகிற அன்று, கதவு வரை போய்த் திரும்பி வந்து, "சித்தி, இதுகளைப் பாத்துக்கிடுவீங்களா?" என்று கேட்டாள். இரண்டு நண்டு, கப்பித்தானும் புள்ளியும். அவள் அம்மா ரெஜினாவின் ஊரான மணப்பாட்டிலிருந்து, டெரன்ஸ் மாமா வாளியில் போட்டுக் கொடுத்தனுப்பியவை. சங்குக்குள் உடம்பை ஒளித்துக்கொண்டு, சங்கையே இழுத்துக்கொண்டு நடக்கிற நண்டுகள். துறவி நண்டு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றார் பிரமநாயகம். வீட்டையே முதுகில் தூக்கிக்கொண்டு அலைகிறது, இதுவா துறவி என்று இவள் கேட்க, அமுதினி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காகவே மறுநாள் பலகாரத்துக்கென்று வைத்திருந்த மாவுச் சல்லடையை மணல் சலிக்கக் கொடுத்தாள். முதலில் அவை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், கலர் கூழாங்கல்லின்மேல் கிடந்தன. நாளுக்கு நாள் மந்தமாகி, தொட்டால்கூட உள்ளிழுத்துக்கொள்ளாமல் கிடந்தன. கல்லுக்குள் புதைய முடியாது, காற்றில் ஈரமில்லாவிட்டால் அவற்றுக்கு மூச்சுவிட முடியாது என்று அமுதினி எங்கெங்கோ படித்துக் கண்டுபிடித்தாள். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் இந்தத் தொட்டியைச் செய்தார்கள். மணலை இரும்புச் சட்டியில் வறுத்தவள் இவள். நிலக்கடலைக்கு வறுப்பதுபோல் கைவிடாமல் கிளறி, ஆறவைத்து, நார்த்தூளோடு பிசைந்து, பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது என்ற பக்குவத்துக்குக் கொண்டுவந்தவளும் இவள்தான். "சரியா வந்திருக்கு சித்தி," என்றாள் அமுதினி, மணலைக் கையில் பிடித்துப் பார்த்து. ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர், குழாயில் பிடித்து மருந்து வாடை போகத் திறந்து வைத்தது. இன்னொன்றில் மாமா கேனில் அனுப்பிய கடல்நீர். ஏறி விளையாட ஒரு வேர்க்கட்டை. மாறிக்கொள்வதற்கு வெறுஞ்சங்குகள், வெவ்வேறு அளவில். புதுச் சங்கை நண்டு உடனே நம்பிவிடாது. வாய்க்குள் காலை விட்டு, சுவரைத் தடவி, ஆழம் பார்த்து, திரும்பிப் போய், மறுபடி வந்து தடவும். அதற்கு முன்னால் அதில் குடியிருந்த உயிர் செத்துப்போயிருக்கும். இந்த வீட்டு அடுக்களைக்குள் முதல்நாள் நுழைந்து, யாரோ ஒருத்தியின் கையெழுத்தில் பெயர் ஒட்டியிருந்த டப்பாக்களை இவளும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்தான். சே, என்ன நினைப்பு இது. நண்டு நண்டுதான், மனுஷி மனுஷிதான். இப்போது அதுவா கவலை? இப்போது கவலை சாம்பிராணி.

வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்து, சிரட்டைத் தணலில் சாம்பிராணியைத் தூவி, பூசை அறையில் தொடங்கி வீடு முழுக்கக் காட்டுவது இவள் பிறந்த வீட்டு வழக்கம். அரிசிப் பானைக்கு, துணி அலமாரிக்கு, கதவு இடுக்குக்கு. கை தன் பாட்டுக்குப் போகும். மனம் எங்கேயாவது இருக்கும். காலையில் மனம் அமுதினியிடம் இருந்தது. இன்றைக்கு வந்துவிடுவாள், எல்லாம் நன்றாக இருக்கிறது, புள்ளி கட்டைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, கப்பித்தான் உள்ளே தோல் மாற்றுகிறான், நான் பார்த்துக்கொண்டேன் என்று ஒரு பூரிப்பு. அந்தப் பூரிப்பில் தூபக்காலோடு தொட்டியண்டை நின்று, மூடியைத் தள்ளி, உள்ளே புகையை விசிறினாள். விசிறி முடித்து மூடியும்விட்டாள்! புகை கண்ணாடிக்குள் வெள்ளையாகச் சுழன்று தேங்கியபோதுகூட அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தாள். புள்ளி கட்டையிலிருந்து விழுந்து, மூலைக்கு ஓடி, கண்ணாடியைக் கீறியது. அந்தக் கீறல் சத்தம் கேட்ட பிறகே இவளுக்கு உறைத்தது. மூடியை எடுத்துவிட்டு முறத்தால் விசிறினாள், மின்விசிறியை ஓடவிட்டாள், ஈரம் போய்விடும் என்று பயந்து நிறுத்தினாள். எதற்காகப் போட்டாய் வடிவு? நண்டுக்கு யார் சாம்பிராணி போடுவார்கள்? பதில் தெரியும், சொல்லத்தான் வெட்கம். ஆவுடை அக்காவின் பிள்ளைகளுக்கு, குளிப்பாட்டித் துவட்டியதும், தூபக்காலைப் பிடிக்கிற வேலை எப்போதும் இவளுக்குத்தான். அக்கா பிள்ளையைப் புகைமேல் கவிழ்த்துப் பிடிப்பாள், ஈரத் தலையிலிருந்து பால்வாடையும் சாம்பிராணியுமாக எழும், பிள்ளை தும்மும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இவள்தான் பிடித்தாள். தனக்கென்று பிடிக்க வாய்க்கவில்லை. வயது கடந்து கல்யாணம். அதன்பிறகு ஆண்டவன் விட்ட வழி. அதனால் நண்டுக்குப் பிடித்தாயாக்கும். நண்டுக்குச் செவுள் இருக்கிறது. புகை பட்டால் என்ன ஆகும்? மணலுக்கு அடியில் இருப்பவனுக்குப் புகை எட்டுமா? எட்டாது. ஈர மணல் அடைத்துக்கொள்ளும். ஆனால் அவன் காற்றுக்கென்று ஒரு துளை வைத்திருந்தால்? புள்ளி பிழைத்துக்கொண்டது, இதோ கடல்நீர்க் கிண்ணத்தில் காலை நனைத்துக்கொண்டு நிற்கிறது. மேலே இருந்த பொடியனே பிழைத்தான் என்றால் கீழே இருக்கிறவனுக்கு என்ன? ஆனால் தோல் கழற்றிய நண்டு மெத்தென்று, தொட்டால் நசுங்குகிற மாதிரி இருக்குமாமே. பிறந்த பிள்ளை மாதிரி.

கைப்பேசி அடித்தது. ஆவுடை அக்காதான், வெள்ளிக்கிழமை மத்தியானம் பேசுவது அவள் வழக்கம்.

"என்னட்டி, குரல் ஒரு தினுசா இருக்கு?"

"மூக்கைப் பொத்திக்கிட்டுப் பேசுதேன்க்கா."

"ஏன், சாக்கடை அடைச்சிட்டா?"

"இல்லக்கா. நண்டு செத்துட்டோன்னு பயமா இருக்கு."

அக்கா சிரித்த சிரிப்பில் கைப்பேசியைக் காதிலிருந்து விலக்க வேண்டியிருந்தது. "ஊரு உலகத்துல நண்டு செத்தா கொழம்பு வைப்பாவ. நீ ஒருத்திதான் எழவு கொண்டாடுத. அப்பா இருந்திருந்தா உன்னை வாசல்லயே நிறுத்தித் தலையில தண்ணி ஊத்தியிருப்பாவ."

"விளையாடாதக்கா. நான் சாம்பிராணி போட்டுத்தான் செத்துச்சோ என்னவோ. சாயங்காலம் அவ வந்துருவா."

"வந்தா என்ன? அதுவா செத்துட்டுன்னு சொல்லு. சாம்பிராணி போட்டேன், கற்பூரம் காட்டினேன்னு நீயா எதுக்கு வாயைக் குடுக்க? பச்சப் பிள்ளைக்கு என்ன தெரியப்போவுது."

"சரிக்கா."

"சரின்னா சரிதானா? உன்னை எனக்குத் தெரியாதாக்கும். ஒரு பொய்யைச் சொல்லத் துப்பில்லாம முழிச்சுக்கிட்டு நிப்ப."

அக்கா வைத்துவிட்டாள். அதுவாகச் செத்துவிட்டது. இவள் சொல்லிப் பார்த்தாள், மெல்ல, தொட்டியின் முன்னால் நின்று. சொல்வதற்கு எளிதாகத்தான் இருந்தது. மணலுக்குள் போனான், வரவில்லை. பொய்கூட இல்லை, பாதி உண்மை. பிரமநாயகத்தின் அலுவலகத்துக்குப் போன் செய்யலாமா? செய்தால் என்ன சொல்வார் என்பது தெரியும்: போகட்டும் வடிவு, வேற ஒண்ணு வாங்கிக்கிடலாம். நல்ல மனுஷர், எதையும் பெரிதுபடுத்த மாட்டார். வேற ஒண்ணு. அவர் ரெஜினாவை நினைத்துச் சொல்ல மாட்டார், ஆனால் கேட்கிற காதுக்குள் அது வேறு விதமாக விழும். இவளுக்கும் விழும், அந்தப் பிள்ளைக்கும் விழும். வேண்டாம். மூடியைத் திறந்தாள். இப்போது வாடை இருந்தது, உறுதியாக இருந்தது. உவர்ப்பாக, தொண்டையின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்வதாக. இது அழுகலா? மீன் என்றாலே இப்படித்தானா? உயிருள்ள நண்டின் வாடையே இதுதானா? கல்யாணமான புதிதில் இந்த அடுக்களையில் ஒரு மண்சட்டி இருந்தது. கரியேறி, உள்ளே வழவழவென்று. எடுத்தபோது ஏதோ மணந்தது. இவள் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது கதவருகில் அமுதினி நின்றிருந்தாள். மறுநாள் சட்டியைக் காணோம். அதன்பிறகு இந்த வீட்டில் மீன் வாங்கவில்லை. வாங்கக் கூடாது என்று இவள் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. வாரம் தவறாமல் மீன் தின்று வளர்ந்த பிள்ளை, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை ஒரு வார்த்தை பேசாமல் தின்றது. நல்ல பிள்ளை, ஒத்துப்போகிறது என்று அப்போது இவள் அக்காவிடம் பெருமையாகச் சொன்னாள். பெருமையாக! ஒரு முந்தானையை மூக்கில் வைத்ததோடு ஒரு வீட்டின் வாடை முழுவதையும் வெளியேற்றிவிட்டாய். இன்று அந்த வாடை ஒன்றே ஒன்று தெரிந்திருந்தால் போதும் என்று நிற்கிறாய்.

சென்னாக்கூனி! ஏன் இது முன்பே தோன்றவில்லை? நண்டுகளுக்குத் தீனி அதுதான். பொடிப்பொடியான காய்ந்த இறால், திருகுமூடி பாட்டிலில், வெளியே பால்கனி மாடத்தில் இருக்கிறது. அடுக்களைக்குள் வைக்க வேண்டாம் என்று அமுதினியே வெளியே வைத்தாள், யாரும் சொல்லாமல். தொட்டிக்குள் தட்டில் நேற்றுப் போட்ட கூனி ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. வாடை அதனுடையதாக இருக்கலாமே! இருக்கலாம். ஆனால் தினமும் அதை எடுத்துப் போட்டவள் நீதானே, அதன் வாடை உனக்குத் தெரியாதா? தெரியாது. ஏனென்றால் பாட்டிலைத் திறக்குமுன் மூச்சை இழுத்து அடக்கிக்கொள்வாள். ஒதுக்கி வைத்த கரண்டியால் அள்ளி, தட்டில் கொட்டி, மூடி, கை கழுவி, அதன்பிறகுதான் மூச்சை விடுவாள். அமுதினி போன நாளிலிருந்து ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டாள். ஆனால் நேற்று இந்தத் தொட்டி எப்படி மணந்தது, முந்தாநாள் எப்படி மணந்தது என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. பாத்துக்கிடுவீங்களா என்று கேட்டாள். கண்ணால் மட்டும் பார்த்திருக்கிறாய். மாடத்துக்குப் போனாள். பாட்டில் வெயிலில் சூடாக இருந்தது. திருகினாள். மூச்சு தானாகவே நின்றுகொண்டது. அதை விடுவிக்க வேண்டியிருந்தது, பிடிவாதம் பிடிக்கிற பிள்ளையின் கையைப் பிரிப்பதுபோல. பாட்டிலின் வாயில் மூக்கை வைத்து இழுத்தாள். கண்ணில் நீர் வந்தது. குமட்டியது. காலையில் தின்ற இட்டிலி மேலே வந்து நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி இழுத்தாள். உப்பு, பழைய துணி, வெயிலில் காய்ந்த எதுவோ, அதற்குள் ஒரு தித்திப்புகூட. ஓடிப்போய்த் தொட்டியில் குனிந்தாள். உப்பு, ஈரம், சாம்பிராணி, தித்திப்பு இருக்கிறதா? பாட்டில். தொட்டி. பாட்டில். இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த முறை இழுத்தபோது தொட்டியில் கூடுதலாக ஏதோ இருந்தது, பாட்டிலில் இல்லாதது, கனத்தது. அது என்ன? அது சாவா? ஈரமா? கூனித் தட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் குனிந்தாள். வாடை குறைந்ததா, பழகிவிட்டதா? மூக்கு அதற்குள் மரத்துப்போயிருந்தது. இனி அது எதைச் சொன்னாலும் நம்புவதற்கில்லை. தோண்டிப் பார்த்துவிட்டால் என்ன? ஒரு ஓரத்தில், மெதுவாக, சங்கின் முனை தட்டுப்படுகிறதா என்று மட்டும். கப்பித்தான் இறங்கிய மூலையில் மணல் சற்றே மேடிட்டிருந்தது. விரலை வைத்தாள். முதல் கணு வரை போயிற்று. குளிர்ச்சி. இன்னும் சற்று அழுத்தினால் தெரிந்துவிடும். இருக்கிறானா இல்லையா என்ற இந்த ஆட்டம் நின்றுவிடும். செத்திருந்தால் எடுத்துவிடலாம், புள்ளியைக் காப்பாற்றலாம். உயிரோடு இருந்தால்? உயிரோடு இருந்தால், இருந்தான் என்பதைத் தெரிந்துகொள்ளும் அந்த நொடியிலேயே அவனைக் கொன்றிருப்பாய். யாருக்காகத் தோண்டுகிறாய்? நண்டுக்காகவா, அமுதினிக்காகவா, உன் தவிப்பு நிற்க வேண்டும் என்பதற்காகவா? விரலை எடுத்தாள். மணலில் குழி நின்றது. அதைத் தூர்க்கக்கூடக் கை வரவில்லை. தெருமுனையில் ஒரு பேருந்து ஒலிப்பானை அடித்தது.

படியேறி வருகிற சத்தம் கேட்டது. பை சுவரில் உரசுகிற சத்தம். கதவு திறந்தது. அமுதினி வெயிலில் கறுத்து, தலை கலைந்து, செருப்போடு உள்ளே வந்தாள்.

"சித்தி, கப்பித்தான் எங்க?"

"மணலுக்குள்ள இருக்கான். நீ போன மறுநாளே போயிட்டான்." அந்த வாக்கியம் அங்கேயே முடிந்திருக்கலாம், முற்றுப்புள்ளி வைக்க நல்ல இடம். "காலைல சாம்பிராணி போட்டேன். மூடியைத் திறந்து உள்ளயும் போட்டுட்டேன்."

"தொட்டிக்குள்ளயா?"

"ஆமா."

"எதுக்கு சித்தி?"

"குளிப்பாட்டின பிள்ளைக்குப் போடுவோம்லா. அந்த நெனப்புல போட்டுட்டேன்."

அமுதினி அவளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. கண் தொட்டிக்கும் இவளுக்குமாக ஒருமுறை போய்வந்தது. "புகை அதுகளுக்கு ஆகாது," என்றாள், குரல் இறங்கி. பிறகு, "தோண்டினீங்களா?"

"இல்ல. விரலை வச்சேன். எடுத்துட்டேன்."

"வாடை வருதா?"

"வருது. ஆனா அது எந்த வாடைன்னு எனக்குத் தெரியல. கூனி பாட்டிலைத் திறந்து மோந்து பாத்தேன். ஒரு தடவை ரெண்டும் ஒண்ணா இருக்கு. ஒரு தடவை வேறயா இருக்கு."

"நீங்களா? மோந்தா பாத்தீங்க?" பையைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டே வந்தாள். "ஐயோ சித்தி, மூக்கு நுனியில கூனி ஒட்டியிருக்கு!"

சங்கரவடிவு கையை உயர்த்தினாள், விரலில் மணல், தாழ்த்திக்கொண்டாள். அமுதினி அதற்குள் தொட்டியில் குனிந்துவிட்டாள். நெற்றி கண்ணாடியில் இடிக்க, கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக இழுத்தாள். இவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளைக்குத் தெரியும். கடற்கரைக்காரியின் மகள், இந்த மூக்கு சொல்லிவிடும், எதுவானாலும் சொல்லி முடித்துவிடும்.

"எனக்கும் தெரியல சித்தி," என்றாள் அமுதினி, கண்ணைத் திறக்காமலே. "முன்னாடின்னா சட்டுன்னு சொல்லியிருப்பேன். இப்ப மறந்துபோச்சு."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். சங்கரவடிவுக்குத்தான் அந்த மண்சட்டி நினைவுக்கு வந்தது. ஏதேனும் சொல்ல வேண்டும். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக மீன் வாங்குவோம், நீ சொல்லு, நான் ஆக்குகிறேன் என்று சொல்ல வேண்டும். ஆக்கிவிட முடியுமா? முடியாவிட்டால் பக்கத்தில் நிற்கலாமே. வாய் திறக்குமுன் அமுதினியே நிமிர்ந்தாள்.

"செத்திருந்தா நேரம் ஆக ஆக வாடை கூடும்லா? உயிரோட இருந்தா கூடாது. அதை வச்சுக் கண்டுபிடிச்சிரலாம். நீங்க நான் வர்றதுக்கு முன்னாடியே மோந்திருக்கீங்க. உங்களுக்குத்தான் முந்தி எப்படி இருந்துச்சுன்னு தெரியும்." தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். "ஒடம்பெல்லாம் பஸ் நாத்தம். குளிச்சிட்டு வாரேன், அதுவரைக்கும் நீங்க பாத்துக்கிடுங்க. இனிமே சாம்பிராணி கிம்பிராணின்னு கிட்ட வந்தீங்க, உங்களையும் மணலுக்குள்ள பொதச்சிருவேன்."

போய்விட்டாள். குளியலறையில் வாளி உருளும் சத்தம், தண்ணீர் விழும் சத்தம். சங்கரவடிவு நாற்காலியைத் தொட்டியண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். புள்ளி சங்கை இழுத்துக்கொண்டு, மணலில் அவள் விரல் பதிந்த குழியின் விளிம்பு வரை வந்து, உள்ளே ஒரு காலை விட்டுப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போயிற்று. மூடியை நகர்த்திக் குனிந்தாள்.

"சித்தி!" தண்ணீர்ச் சத்தத்தின் மேலாகக் குரல் வந்தது. "கூடியிருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். "பொறு, சொல்லுதேன்," என்றுவிட்டு, இல்லை என்பது உண்மைதானா என்று இன்னொரு முறை குனிந்தாள்.